சுவரோரப் பனி

கடுங்குளிர் ஊரான டாஃபினில் இருக்கும் காபிக் கடையின் ஜன்னலோர மேசை, காலையில் ஓய்வுபெற்ற கிழவர்களுக்குச் சொந்தம். ஒரு வாரமாக அங்கே ஓரெஸ்ட் ஒரே கதையைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டைச் சூடாக்க என் மாப்ள போட்ட ஃபர்னஸ் முனகுதுய்யா, சூடுதான் வரல. பழசு முப்பது வருஷம் உழைச்சுது. இது முதல் குளிருக்கே படுத்துடுச்சு."

"பிரெஞ்சுக்காரன்ல, ஒயின் ஊத்தி ஓட்டுற ஃபர்னஸா இருக்கும்," என்றார் வாசில். மேசையே சிரித்தது. ஓரெஸ்டும் சிரித்தார். மகள் லரிசா, ஃபர்னஸ் போடும் தொழில் செய்யும் மார்செலைக் கட்டிக்கொண்டதை அவர் மனம் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. அந்தச் சிரிப்பு அவருக்கு இதமாக இருந்தது.

ஆனால் மார்செலைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு மின் ஹீட்டர்களை வைத்துக் காலம் தள்ளினார். ஒரு காலையில் சமையலறைக் குழாயில் தண்ணீர் உறைந்து நின்றதும் மனைவி ஸ்டெஃபா பொறுமை இழந்தாள்.

"ஊர் பூரா சொல்லத் தெரியுது, போட்டவன்கிட்ட சொல்லத் தெரியாதா? நான் ஃபோன் பண்ணிட்டேன். அவன் ஊரு ஸ்த். ரோஸ்லேர்ந்து கிளம்பிட்டான்."

மாப்பிள்ளை வருவதற்குள் கோளாறைத் தானே கண்டுபிடித்து வைத்தால் அவன் முகம் எப்படி இருக்கும்! தானியக் கிடங்கு இயந்திரங்களோடு வாழ்ந்தவர் ஓரெஸ்ட். நிலவறைக்கு இறங்கி, ஃபர்னஸின் முன் தகட்டைக் கழற்றி வைத்து, ஒரு பழைய வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

நல்ல இயந்திரம் எதையும் சும்மா செய்யாது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்கும். மேலே அறையில் குளிர் என்று செய்தி வந்ததும் இது உடனே நெருப்பைப் பற்றவைக்காது. முதலில் ஒரு குட்டி விசிறி சுழலும். பழைய புகையை வெளியே தள்ளி, எரிவதற்குப் புதுக்காற்றை உள்ளே இழுப்பது அதன் வேலை. விசிறியிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய், வட்டமான சிறு சுவிட்சுக்குப் போகிறது. காற்று ஒழுங்காக ஓடினால் அந்த இழுப்பில் சுவிட்ச் 'டிக்' என்று மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் பற்றவைக்கும் கம்பி செஞ்சூடாகும், வாயு திறக்கும், நீலச் சுடர் வரிசையாகப் பிடிக்கும். பெட்டி காய்ந்த பின் பெரிய விசிறி அந்தச் சூட்டை வீடெங்கும் ஊதும்.

குட்டி விசிறி சுழன்றது. ஓரெஸ்ட் 'டிக்' சத்தத்துக்குக் காது கொடுத்தார். வரவில்லை. விசிறி மூச்சுத் திணறுவதுபோல் முனகி நின்றது. மறுபடி முயன்றது, மறுபடி நின்றது. பிறகு ஒரு சின்ன விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது.

ரப்பர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். அடைப்பு இல்லை. சுவிட்சில் வாய் வைத்து லேசாக உறிஞ்சினார். 'டிக்.' அதுவும் நல்லபடி. அப்படியானால் காற்றுதான் வரவில்லை. காற்று எங்கிருந்து வருகிறது? பெட்டியின் தலையிலிருந்து இரண்டு வெள்ளைக் குழாய்கள் நிலவறைக் கூரையோடு ஓடி, மேற்குச் சுவரைத் துளைத்து வெளியே போயின. பழைய ஃபர்னஸுக்குப் புகைபோக்கி கூரைக்கு மேலே இருந்தது. இதற்கு...

மேற்குச் சுவர்.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார். அங்கே குழாயே கண்ணில் படவில்லை. ஜன்னல் விளிம்புவரை பனி, மண்வெட்டியால் தட்டித் தட்டி மதில்போல நின்றது. அவர் கையால் எழுப்பியதுதான். அவர் அப்பா செய்தார், தாத்தா செய்தார். பனியில் அடைபட்டிருக்கும் காற்று ஒரு மெத்தை, வீட்டுச் சூட்டை வெளியே விடாது. பழைய வீட்டில் நல்ல யோசனை. புது ஃபர்னஸுக்கோ, மூக்கையும் வாயையும் பொத்திய கம்பளி.

இலையுதிர்காலத்தில் மார்செல் இதே இடத்தில் நின்று, "குழாயை முழங்கால் உயரத்துக்கு மேலதான் வெச்சிருக்கேன், மாமா. ஆனாலும் இதைச் சுத்திப் பனி சேர விட்றாதீங்க," என்று சொன்னது இப்போதுதான் காதில் விழுந்ததுபோல் இருந்தது. அன்று அவர் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்வெட்டியால் வெறிபிடித்தவர்போல் வெட்டினார். குழாய்கள் வெளிப்பட்டன. வெட்டிய பனியைத் தூரக் கொட்டித் தடத்தையும் காலால் கலைத்தார். உள்ளே போய் ரப்பர் குழாயை மாட்டி, ஃபர்னஸின் மின்சாரத்தை அணைத்து மறுபடி போட்டார். 'டிக்.' நீலச் சுடர் ஓடியது. பெரிய விசிறி வெதுவெதுப்பாக ஊதியது. அவர் உடம்பு மட்டும் குளிர்ந்தது.

மார்செல் கருவிப்பெட்டியோடு இறங்கி வந்தான். "ஓடுதே, மாமா?"

"இப்பதான். திடீர்னு."

"வெளிக் குழாய் பனியில மூடிக்கிச்சா?"

"இல்லியே. சுத்தமாத்தான் இருந்துச்சு." சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே கேட்டார்.

"அப்ப உள்ளதான் எங்கயோ," என்று மார்செல் மண்டியிட்டான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபர்னஸை அணைத்துத் துண்டுதுண்டாகக் கழற்றினான். நீர் வடியும் குழாயை அலசினான், சுவிட்சை மாற்றினான், விசிறியையே வெளியே எடுத்தான். தகட்டு ஓரம் கிழித்து விரல் முட்டியில் ரத்தம் வந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தான். ஓரெஸ்ட் டார்ச் பிடித்து நின்றார்.

"எனக்கே புரியல, மாமா. எங்கயோ தப்பு விட்டிருக்கேன். வாசில் தாத்தா அவர் வீட்டு ஃபர்னஸுக்கு வேற ஆளைப் பாத்துக்கிறேன்னுட்டாரு. சர்ச்சுல கூட வேண்டாம்னுட்டாங்க. உங்க வீட்டுக்கே சரியாப் போடத் தெரியலன்னா அவங்க சொல்றதுல என்ன தப்பு? இதைக் கழற்றிட்டு வேற ஒண்ணு கொண்டாறேன்."

"கழற்றாத."

மார்செல் நிமிர்ந்தான்.

"பனியை நான்தான் சுவரோட அணைச்சு வெச்சேன். குழாய் மூடிக்கிச்சு. நீ வர்றதுக்கு முன்னாடி வெட்டி எடுத்துட்டேன். கேட்டப்போ பொய் சொன்னேன். கடையில உன்னைப் பத்திப் பேசினதும் நான்தான்."

மார்செல் துணி சுற்றிய கையையே பார்த்தான். கழற்றிய ஒவ்வொன்றையும் இருந்த இடத்தில் வைத்து இறுக்கினான். காய்ச்சிய பீட்ரூட் சூப்பை ஸ்டெஃபா நீட்டியபோது, "இன்னொரு நாள், அத்தை," என்றான். வாசலில்தான் ஓரெஸ்டைப் பார்த்தான்.

"என்கிட்ட சொன்னீங்க, சரி. அங்க சொல்லுங்க."

மறுநாள் காலை ஜன்னலோர மேசையில் ஓரெஸ்ட் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், மார்செலிடம் சொன்ன பொய் உட்பட. சிரிப்பு வெடித்தது.

"இந்த வயசுல ஃபர்னஸோட மூக்கைப் பொத்தியிருக்கான்யா!"

"கொலை கேஸு! உள்ள போடணும்!"

ஓரெஸ்ட் சிரிக்கவில்லை. "வாசில், உன் வீட்டு வேலையை அவனுக்கே குடு."

வாசிலின் சிரிப்பு அடங்கியது. "முந்தாநாளே பிராண்டன் ஊரு ஆளுங்க வந்து போட்டுட்டாங்களேடா. நீ சொன்னதைக் கேட்டுத்தானே கூப்பிட்டேன்? இப்ப போய் பிடுங்கவா சொல்ற?"

அந்த வேலை கைவிட்டுப் போனதையும் மார்செலிடம் போய்ச் சொல்லியாக வேண்டும். ஓரெஸ்ட் காபிக்குச் சொல்லாமலே வெளியே வந்து, வண்டிக் கண்ணாடியிலிருந்த உறைபனியைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஸ்த். ரோஸ் சாலையில் திரும்பினார்.