சம்பந்தி முன்னால் ஒரு மாஸ்க்

1.

காசநோய் வார்டைப் பற்றிக் கதை எழுதப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே யாரோ இருமினார்கள். வாசலோடு திரும்பிவிட்டேன். ஆகவே இனி வார்டுக்குள் நடப்பதெல்லாம் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டே கற்பனை செய்தது.

முதல் தொடக்கம்: ‘கிழக்கே கடல் சிவந்துகொண்டிருந்தபோது நாகலெட்சுமி…’ (வார்டிலிருந்து கடல் தெரியாது. அடித்துவிட்டேன்.)

2.

நாகலெட்சுமி அந்த வார்டில் விரிப்பு மாற்றுகிறவள், சளி டப்பா எடுக்கிறவள். அவள் போடும் என்95 மாஸ்க் கன்னத்தோடு இறுக ஒட்டியிருக்க வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டாலும் போட்டது வீண்.*

அன்று புதிதாக வந்து படுத்திருந்தவர் தவசி, அபிராமத்துப் பக்கம் விவசாயி. அவர் மகனுக்குத்தான் இவள் மகள் கோகிலாவைப் பேசி முடித்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம்.

“என்ன தங்கச்சி, எங்களக் கண்டா மூக்கப் பொத்துற அளவுக்கு ஆயிப்போச்சா?”

எங்கள் பக்கம் ஒருவர் எதிரே மூக்கை மூடுவது, நீ நாறுகிறாய் என்று சொல்வதற்குச் சமம். சம்பந்தியிடம் அதைச் செய்தால் பந்தக்கால் நடுவதற்கு முன்பே பிடுங்கியாயிற்று.

“டூட்டிக்குப் போடுறதுண்ணே.”

“இங்கன நம்ம ரெண்டு பேருதான இருக்கோம். மொகத்தக் காட்டிப் பேசு.”

அவள் கை காதோரப் பட்டைக்குப் போனது.

*நான் போட்டிருந்தது துணி மாஸ்க். அதுவும் தாடைக்கு.

3.

முடிவு அ: கழற்றுகிறாள். பாசம் வெல்கிறது. எனக்கே கண் கலங்கிற்று. ஆனால் அடுத்த வருஷம் அவளை அதே கட்டிலில் படுக்கவைத்து எழுத வேண்டி வரும். மனசு வரவில்லை.

முடிவு ஆ: கிருமிகளைப் பற்றி அவள் அரைப் பக்கம் பேச, தவசி திருந்துகிறார். (இப்படி ஒரு மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்திருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.)

3. (மறுபடியும்)

அவள் கையை இறக்கினாள். பட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

“கோகிலா என் பக்கத்துலதான் படுக்குறாண்ணே. இங்கருந்து நான் எதக் கொண்டுபோனாலும் மொத அவளுக்குத்தான்.”

தவசி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து இருமினார். அவர் எழுந்தால்தான் விரிப்பை மாற்ற முடியும். துவைத்த விரிப்பைக் கையில் பிடித்தபடி அவள் நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது; மாஸ்க் நனைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

4.

அவர் திரும்பி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வாசலோடு ஓடிவந்தவனுக்கு அவ்வளவுதான் கேட்கும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணத்தை நடத்துங்கள், நிறுத்துங்கள், உங்கள் இஷ்டம். அவள் மாஸ்க்கில் மட்டும் கைவைக்காதீர்கள்.