நாணில் இல்லாத மழை

மழை விட்டு மூன்று நாள் கழிந்த காலைப்பொழுதில், கோட்டை மதிலின் கீழ் விரிந்து கிடந்த போர்க்களத்தில் சேறு பாளம்பாளமாய் வெடித்திருக்க, முறிந்த வேற்காம்புகளை மகளிர் விறகுக்குப் பொறுக்கிக்கொண்டிருக்க, மதில்மேல் ஒரு முரசும் ஒரு வில்லும் ஓர் உயிரின் வழக்கைத் தீர்க்கக் காத்திருந்தன.

கற்றறிந்தீர், வழக்கு இதுதான். கொட்டும் மழையில், போரை நிறுத்தக் கோரிப் பகைவரின் தூதுவன் வெண்துகிலை உயர்த்தியபோது முரசு ஒருமுறை அதிர்ந்தது. அடுத்து இரண்டாம் அடி விழுந்த கணத்தில் அம்பு தைத்துத் தூதுவன் வீழ்ந்தான். மதிலிலிருந்து அவன் நின்ற தொலைவைக் கடக்க அம்புக்கு இவ்விரண்டு அடிகளின் இடைவெளிக்கு மேல் ஆகுமாயின், எய்தவன் துகில் எழுமுன்பே எய்த குற்றமற்றவன். அதற்குள் சென்றுவிடுமாயின், துகிலைக் கண்ட பின்னும் எய்த கொலைஞன். அளக்க வேண்டியவளோ எய்தவனின் கூடப்பிறந்த தமக்கை.

“அளக்கத் தெரிஞ்ச வேற ஆளில்ல. நீ பொய் சொல்ல மாட்டேன்னு ரெண்டு பக்கமும் நம்புது,” என்றார் நடுவர்.

தம்பியின் வில்லில் ஒரு குறையும் இருத்தலாகாதென்று, நனைந்து ஊறியிருந்த நாணை அவள் வெயிலில் உலர்த்தி, மெழுகிட்டு நீவி, பிள்ளைக்குத் தலைவாருவதுபோல் செம்மைசெய்து கொணர்ந்திருந்தாள்.

“பாத்ததச் சொல்லுக்கா. எனக்காக ஒண்ணும் கூட்ட வேணாம். அம்பு போனப்புறந்தான் துணி ஏறிச்சு,” என்றான் கட்டுண்டு நின்ற தம்பி.

அவனுக்கு ஒத்த வலிமையுடைய வேறொரு வில்லாளி, முதல் அடியோடு அம்பை விட அவ்வில்லை வளைத்தான். முதல் அடி விழுந்தது. இரண்டாம் அடிக்கு மயிரிழை முந்தி, தூதுவன் நின்ற இடத்தில் நட்டிருந்த வைக்கோற்பாவையில் அம்பு தைத்தது. பத்து முறை எய்தும் பத்து முறையும் முந்தியது. ஒரே ஒரு சொல்லை மாற்றினால் தம்பி பிழைப்பான் என்று அவள் அறிவாள். ஆயினும் நாக்கு வளையவில்லை.

“ரெண்டுக்குள்ள,” என்றாள்.

“அக்கா அளந்தா சரியாத்தான் இருக்கும். எப்படின்னுதான் எனக்குப் புரியல,” என்றான் அவன்.

மறுநாள் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

ஏழாம் நாள் மீண்டும் மழை கொட்டிற்று. மதில்மேல் கேட்பாரற்றுக் கிடந்த வில்லை எடுக்கச் சென்றவள், ஊறித் தடித்துக் கனத்திருந்த நாணைத் தொட்டதும், தம்பி எய்த அன்றும் அது இப்படித்தான் இருந்தது என்று உணர்ந்தாள். முரசறைவோனையும் வில்லாளியையும் கையோடு அழைத்து வந்தாள்.

“இந்த மழையிலயா?” என்றான் வில்லாளி.

“இந்த மழையிலதான்.”

முதல் அடி விழுந்தது. இரண்டாம் அடியும் விழுந்தது. அதன்பின்னரே அம்பு தைத்தது.

அவள் அளவில் பிழையில்லை. அன்று பெய்த மழையை மட்டும் சேர்க்க மறந்தாள். அதை நாணிலிருந்து அன்போடு துடைத்தெடுத்ததும் அவள் கைகளே. நனைந்த மதிலைப் பிடித்துக்கொண்டு, நடுவர் முன் உரைப்பதுபோல் நிமிர்ந்து, “ரெண்டுக்கு மேல,” என்றாள். அதைக் கேட்டிருக்க வேண்டிய ஒருவன் அங்கு இல்லை.