ஆறணாக் கை

விடிந்தும் விடியாததுமாகக் கிழங்கு வண்டிகள் வந்து நின்றுவிட்டன. செவ்வாய்ப்பேட்டைக்கு மேற்கே ஓடைக்கரையில் இருந்த கந்தவேல் முதலாளியின் ஜவ்வரிசி ஆலையில், இருபது பெண்கள் குந்தி உட்கார்ந்து குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். உரித்ததைக் கழுவிக் கூடையில் சுமந்துபோய் மிஷின் பக்கத்தில் கொட்ட வேண்டும். மிஷின் என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. ஒரு மர உருளை, அதைச் சுற்றி ஆணியால் பொத்தல் போட்ட தகரம். எண்ணெய் எஞ்சின் உருளையைச் சுழற்றும். கிழங்கை அதன்மேல் வைத்து அழுத்தினால் பாலும் சக்கையுமாகத் தொட்டியில் விழும். அழுத்துகிறவனுக்கு மிஷின்காரன் என்று பெயர். அந்த ஆலையின் மிஷின்காரன் பச்சமுத்து.

யுத்தத்தால் கப்பலில் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோன காலம் அது. சேலத்து ஜவ்வரிசிக்கு நல்ல கிராக்கி. முதலாளி புதுக் கார் வாங்கினார். கூலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவனுக்கு ஒன்றரை ரூபாய், ஏனென்றால் அவன் முதலாளியின் மைத்துனன். மிஷின்காரனுக்கு ஒரு ரூபாய், பத்து மணிக்கு அரை டம்ளர் டீயும் உண்டு. பால் வடிகட்டுகிற ஆண்களுக்குப் பத்தணா. தோல் உரிக்கிற பெண்களுக்கு ஆறணா. ஏன் ஆறணா என்று யாரும் கேட்டதில்லை, பெண்கள் என்பதே போதுமான காரணமாக இருந்தது.

பச்சமுத்துவின் மனைவி குஞ்சம்மாளும் அந்த இருபது பேரில் ஒருத்தி. பத்து மணிக்கு அவன் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு டீ குடிப்பதை அவள் தினமும் பார்ப்பாள். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்துதான் அவனும் மெதுவாகக் குடிப்பான்.

ஐப்பசி மழையோடு பச்சமுத்துவுக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஆலையில் கிழங்கு மலைபோல் குவிந்தது. குச்சிக்கிழங்கு காத்திருக்காது, இரண்டு நாள் கிடந்தால் கறுத்துப்போகும். வடிகட்டுகிற ஆண்களில் இரண்டு பேர் மிஷினில் நின்று பார்த்துவிட்டு, உள்ளங்கை சிராய்த்ததும் விட்டால் போதுமென்று ஓடிவிட்டார்கள். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் பாக்கறனுங்க மொதலாளி" என்று எழுந்தாள் குஞ்சம்மாள்.

அவள் வெறுங்கையால் அழுத்தவில்லை. வேலிப்பக்கம் கிடந்த வேலங்கட்டையில் ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு வெட்டி, அந்தக் கட்டையால் கிழங்கைத் தள்ளினாள். கைக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பயமில்லாததால் வேகமும் வந்தது. பச்சமுத்து பொழுதுக்கும் பத்து வண்டி அரைப்பான், அவள் பதினோரு வண்டி அரைத்தாள். இருபது நாள் இப்படியே ஓடியது. டீ மட்டும் வரவில்லை. அதை அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் சம்பளத்தன்று மேஜைமேல் ஆறணாக் கணக்கு வந்தபோது அவள் கையை நீட்டவில்லை.

"மிஷின் வேலை செஞ்சனுங்க. மிஷின் கூலி குடுங்க."

முதலாளி கெட்டிக்காரர். இல்லை என்று சொல்லவில்லை. "உம் புருசன் வரட்டும், அவனையே கேட்டுத் தாரேன்" என்றார்.

மறுநாள் பச்சமுத்து போர்வையைப் போர்த்திக்கொண்டு தள்ளாடி வந்தான். வடிகட்டுகிற ஆண்களும் மைத்துனனும் சுற்றி நிற்கையில் முதலாளி சிரித்த முகமாகக் கேட்டார்.

"ஏப்பா பச்சமுத்து, உம் பொண்டாட்டி உங்கூலியைக் கேக்கறா. தந்துடறேன், எனக்கென்ன? பச்சமுத்துவும் அவன் பொண்டாட்டியும் ஒரே தரம்னு நாளைக்கு நாலு பேரு பேசுவாங்க. உனக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காய்ச்சலில் வெளுத்திருந்த பச்சமுத்துவின் முகம் சிவந்துவிட்டது.

"பொம்பளைக்கு எதுக்குங்க மொதலாளி ரூபா? ஆறணாவே தாராளம்."

பாருங்கள் இந்தக் கூத்தை! அந்தக் காசு வேறு யார் வீட்டுக்குப் போயிருக்கும்? அவன் வீட்டுக்குத்தான். நாளொன்றுக்குப் பத்தணா, இருபது நாளைக்குப் பன்னிரண்டரை ரூபாய். நாலு பேர் சிரித்துவிடக் கூடாது என்பதற்காகத் தன் அடுப்பிலேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டான் மனிதன். குஞ்சம்மாள் ஆறணாக் கணக்கை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

உடம்பு தேறி வேலைக்கு வந்த அன்று பச்சமுத்து மிஷின் ஓரத்தில் இருந்த வேலங்கட்டையைக் கண்டான். "இது பொம்பளைங்க புடிக்கிற கட்டை" என்று மூலையில் வீசினான்.

"ஏனுங்க, அது இருந்துட்டுப் போவட்டுமுங்க. கைக்கு நல்லது" என்றாள் குஞ்சம்மாள்.

"நீ போயி உன்ற கெழங்கை உரி புள்ள."

மார்கழியில் ஒருநாள் காலை, கை விறைத்துப்போகும் குளிர். கடைசித் துண்டுக் கிழங்கை உள்ளங்கையால் அழுத்தியபோது அது வழுக்கியது. வலது கையில் மூன்று விரல்கள் போயின. அவனை வண்டியில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு முதலாளி நேரே தொட்டிக்குத்தான் போனார். அந்த மாவைக் கொட்டினார்களா என்று கேட்காதீர்கள். இரண்டு தண்ணீர் கூடுதலாகக் கழுவினார்கள். யார் வீட்டுக் கல்யாணப் பாயசத்துக்கோ அது வெள்ளை வெளேரென்றுதான் போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கச் சொன்னார். குஞ்சம்மாள் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கினாள். வண்டி வண்டியாகக் கிழங்கு அரைத்த வீட்டில் அன்றுதான் முதன்முதலாக ஜவ்வரிசி கொதித்தது.

முதலாளி ஐந்து ரூபாய் கொடுத்தார், கவனமில்லாமல் வேலை செய்ததற்கு ஒரு பாட்டம் திட்டும் கொடுத்தார். மிஷினில் குஞ்சம்மாளை நிறுத்தினார். இந்தத் தடவை நிரந்தரமாக. கூலி ஆறணா. கையில் கட்டோடு பச்சமுத்து போய் நின்றான்.

"மொதலாளி, இனி அவ ஒருத்தி சம்பாத்தியந்தானுங்க ஊட்டுக்கு. மிஷின் கூலியைப் போட்டுக் குடுங்க."

"நீ சொன்ன வார்த்தைதானப்பா. ஆறணாவே தாராளம்னு நாலு பேரு முன்னால நீதானே சொன்னே? நான் வாக்கு மாறமாட்டேன்."

களத்தில் காயும் சக்கையைக் கிளறிவிடுகிற வேலை பச்சமுத்துவுக்குக் கிடைத்தது. அரைக் கைக்காரன் என்று மூன்றணா. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு ரூபாய் ஆறணா கொண்டுவந்த வீட்டுக்கு இப்போது ஒன்பதணா வந்தது. அரிசி விற்ற விலையில் அது ஒருவேளைக் கஞ்சிக்கே இழுபறி.

ஒரு சாயங்காலம் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டுக் குஞ்சம்மாள் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"உங்க வெரலை மிஷின் தின்னுச்சுங்க. எங்கூலியை நீங்க தின்னீங்க."

அவன் கஞ்சியைத் தொடவில்லை. அவமானத்தில் அழுகை வந்தது. விரல்களைப் பறிகொடுத்தபோதுகூட அவன் அப்படி அழுததில்லை.

தை பிறந்ததும் முதலாளி இரண்டாவது மிஷின் போட்டார். கெங்கவல்லிப் பக்கமிருந்து மாதையன் என்பவன் வேலை தேடி வந்தான். மூன்று குழந்தைகளுக்குத் தகப்பன். மிஷின்காரனுக்கு ஒரு ரூபாய் என்று கேள்விப்பட்டு நடந்தே வந்தவன். குஞ்சம்மாள்தான் அவனுக்குக் கட்டை பிடிக்கவும் கிழங்கைத் தள்ளவும் பழக்கினாள். சம்பளத்தன்று அவன் கணக்கில் நாளொன்றுக்குப் பத்தணாதான் வந்தது.

"ஒரு ரூபான்னாங்களே மொதலாளி?"

"அது அந்தக் காலம். பக்கத்து மிஷின்ல நிக்கறாளே, அவ அதே வேலையை ஆறணாவுக்குச் செய்யறா. ஆம்பளையாச்சேன்னு உனக்கு நாலணா கூடப் போட்டிருக்கேன். வேண்டாம்னா கெளம்பு."

மாதையனுக்கு முதலாளியிடம் கோபப்பட வழியில்லை. இளைத்தவளாகப் பார்த்துத் திரும்பினான்.

"ஏம்மா, நீ ஆறணாவுக்குத் தலையாட்டுனதால எங்கூலி போச்சு. எம் புள்ளைங்க சோத்துல மண்ணைப் போட்டியே!"

வரிசையின் கடைசியில் தன் மூன்றணாக் கணக்குக்காக நின்றிருந்த பச்சமுத்து விறுவிறுவென்று முன்னால் வந்தான். விரலில்லாத கையை எல்லோரும் பார்க்க மேஜைமேல் வைத்தான்.

"அவளால இல்ல சாமி, என்னால. இதே எடத்துல நின்னு, பொம்பளைக்கு ஆறணா தாராளம்னு சொன்னவன் நானு. அவ கூலியைக் கொறைச்சா எம் பெருமை நிக்கும்னு நெனைச்சேன். மிஷினுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுதா? கெழங்கு அரையுதா இல்லியான்னுதான் அதுக்குத் தெரியும். பக்கத்துல நிக்கறவளுக்குக் கொறைவா அளந்தப்ப நாம பல்லைக் காட்டிட்டு நின்னோம். இப்ப அதே படியில நமக்கும் அளக்கறாங்க. ஒரே வேலைக்கு ரெண்டு கூலி இருந்தா, கீழ இருக்கற கூலிதான் கடைசியில எல்லாருக்கும் கூலி."

முதலாளி எழுந்துவிட்டார். "கை போனதும் வாய் நீண்டுடுச்சோ? நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராதே!"

மாதையன் மேஜைமேல் இருந்த காசைப் பார்த்தான். பிள்ளைகுட்டிக்காரன், என்ன செய்வான்? எடுத்து மடியில் கட்டிக்கொண்டான். ஆனால் போகிறபோது குஞ்சம்மாளிடம், "தப்பா நெனைச்சுக்காதேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். மற்ற ஆண்கள் தரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

முதலாளி மேஜைமேல் வீசிய மூன்றணாக் கணக்குக் காசைப் பச்சமுத்து இடது கையால் பொறுக்கிக்கொண்டான்.

"வாரதில்லைங்க மொதலாளி. அன்னிக்கு நான் வாயைத் தொறந்ததுல இவ கூலி போச்சு. இன்னிக்குத் தொறந்ததுல எங்கூலி போவுது. இதாவது நாயமா போவுதுங்க."