பட்டன் பெட்டியில் மாத்திரை

என் மனைவி தையல்காரி. நான் பெயிண்டர். எங்கள் இரண்டு பேருக்கும் கண்ணில் முதலில் படுவது நிறம்தான். அதனால்தான் அந்தத் தப்பு எங்கள் வீட்டில் நடந்தது. ஒரு வாத்தியார் வீட்டில் நடந்திருக்காது, அவர்கள் எழுத்தைப் பார்ப்பார்கள்.

ஐம்பத்தைந்து வயதில் எனக்கு பிரஷர் வந்தது. சர்க்கரையும் ஒட்டிக்கொண்டது. மேஜை முழுக்க மாத்திரை அட்டைகள் கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது. எல்லாவற்றையும் பிரித்து, பட்டன் போட்டு வைக்கும் கட்டம் கட்டமான பெட்டியில் கொட்டிவிட்டாள். வெள்ளை ஒரு கட்டம், மஞ்சள் ஒரு கட்டம்.

"காலையில சட்டை பட்டன் ஒண்ணு, சாப்பிட்ட பிறகு கோட் பட்டன் ஒண்ணு. சரியா?"

"சரிங்க டாக்டரம்மா" என்பேன். அவள் உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள், நான் வாயில் போட்டுக்கொள்வேன். என்ன மாத்திரை என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஊர் வீட்டுக்கெல்லாம் எந்த டின்னில் எந்த நம்பர் என்று பார்த்துப் பார்த்துக் கலக்குகிறவன், என் உடம்புக்குள் போவதை மட்டும் பார்க்கவில்லை.

ஒருமுறை டாக்டரிடம் போய்விட்டு வரும்போது மருந்துக்கடையில் புது அட்டை கொடுத்தார்கள். உள்ளே இருந்த மாத்திரை ரோஸ் நிறம். டாக்டர் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ரோஸுக்கு ஒரு கட்டம் ஒதுக்கினாள். பழைய வெள்ளையும் இன்னும் மிச்சம் இருந்தது, அதையும் விடாமல் கொடுத்தாள். அழகான ரோஸ் என்று நானும் பாராட்டினேன்.

ஐந்தாம் நாள் ஒரு வீட்டு வரவேற்பறையில் ஸ்டூல் மேல் நின்று, பெயிண்ட்டுக்கு முன்னால் சுவருக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தேன். சுவர் என்னைப் பார்த்துச் சாய்ந்தது. அவ்வளவுதான் தெரியும். கண் திறந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில், தலையில் தையல், பக்கத்தில் பட்டன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள்.

"பிரஷர் ரொம்ப இறங்கியிருக்கு. என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்?" என்று நர்ஸ் கேட்டார்.

"வெள்ளை, மஞ்சள், ரோஸ்."

"அம்மா, வெள்ளையில ஆயிரம் மாத்திரை இருக்கு. அட்டை எங்கே?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

சொன்ன மாத்திரத்தில் அவள் முகம் வெளுத்துப்போனது. பிறகு ஏதோ ஞாபகம் வந்து எழுந்து வீட்டுக்கு ஓடினாள். வாடிக்கைக்காரர்களின் அளவு நோட்டைக் கொண்டுவந்தாள். ஒவ்வொருவர் அளவுக்கும் பக்கத்தில் அவரவர் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குத்தி வைப்பது அவள் பழக்கம். என் பேருக்கும் ஒரு பக்கம் இருந்தது. அதில் துணிக்குப் பதில் அட்டைகளிலிருந்து வெட்டிய பேர் உள்ள துண்டுகள், குண்டூசியில் வரிசையாக. ஏன் வைத்தாள் என்றால் கை பழக்கம், வேறென்ன.

நர்ஸ் இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"பெரிய எழுத்துல பேர் வேற வேற. கம்பெனி மாறியிருக்கு. கீழ சின்ன எழுத்தைப் பாருங்க, ரெண்டும் அம்லோடிபின். ஒரே மருந்தை ரெண்டு மடங்கு குடுத்திருக்கீங்க."

"யார் அந்த அம்மு?" என்றேன் கட்டிலிலிருந்து. நர்ஸ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பட்டன் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டாள். "என் கையால இனி உங்களுக்கு மருந்து வேண்டாங்க" என்றாள். கெஞ்சிப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன். எனக்குத் தலைக் காயம் பெரிதாகத் தெரியவில்லை. அந்த உள்ளங்கை நீளாமல் போனதுதான் வலித்தது.

பத்து நாள் கழித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மாத்திரை அட்டையிலேயே இருக்கும். நோட்டில் நர்ஸிடம் கேட்டு மருந்தின் பேர், எதற்கு, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தமிழில் எழுதினாள். கடையில் நிறமோ பேரோ மாறினால் கேட்டுத் தெளிந்துகொள்ளும்வரை எதையும் தொடுவதில்லை. முழங்காலுக்குத் தடவும் களிம்பு, காதுச் சொட்டு மருந்து என்று வாயில் போடக் கூடாததற்கெல்லாம் மூடிக்குக் கீழே கழுத்தில் சிவப்பு நூல் கட்டினாள். நான் ஒருமுறை களிம்பைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷில் பிதுக்கிவிட்டு வாயருகே கொண்டுபோனதை அவள் மறக்கவில்லை.

தினமும் அவள் அட்டையைப் பார்த்துப் பேரைப் படிப்பாள். நான் அட்டையைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் சொன்னது ஒத்துப்போனால்தான் மாத்திரை என் கைக்கு வரும்.

"அம்லோடிபின்."

"அம்லோடிபின்."

"போடுங்க."

பதினோரு வருஷம் எங்கள் வீட்டுக் காலை இப்படித்தான் விடிந்தது. சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களிலும் அந்த ஒரு வார்த்தை மட்டும் பேசிக்கொள்வோம். அந்த வார்த்தையிலேயே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பிறகு அவளுக்கு முடியாமல் போனது. நோட்டில் அவளுக்கும் ஒரு பக்கம் திறந்து, என் கோணல் எழுத்தில் நானே எழுதினேன். நான் படிப்பேன், அவள் திருப்பிச் சொல்வாள். கடைசி வாரத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. என் முகத்தையே பார்த்தாள். கை பிசகிவிடுமோ என்ற பழைய பயம் அந்தக் கண்ணில் இருந்தது, இந்தத் தடவை என் கைக்காக.

"நீ சொல்ல வேண்டாம்மா, நானே ரெண்டு தடவை சொல்றேன்" என்றேன். சொன்னேன். அவள் கண்ணை மூடி, வாயைத் திறந்தாள்.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. சிவப்பு நூலை இப்போது நானே கட்டுகிறேன், முடிச்சு கேவலமாக இருக்கிறது. காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையைப் பிடித்து, பேரைச் சத்தமாகப் படிக்கிறேன். கொஞ்சம் இடைவெளி விடுகிறேன். பிறகு நானே திருப்பிச் சொல்கிறேன்.

"போடுங்க" என்று சொல்லத்தான் ஆளில்லை.