மோக்காவுக்கு எழுதிய அட்டை

அஞ்சலோ பன்னிரண்டு வருடம் இத்தாலியில், நாப்போலியில், கோப்பி ஊற்றிவிட்டு ஒரு மெஷினோடும் வழுக்கைத் தலையோடும் திருகோணமலைக்குத் திரும்பி வந்தவர். உள்துறைமுக வீதியில் கடை திறந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே மனக்குறை. சனம் பேர் விளங்காமல் குடிக்கிறது. லாட்டே கேட்டு வாங்கிவிட்டு, இது வெறும் பால் கோப்பிதானே என்று சண்டைக்கு வருகிறது. ஆகவே ஒவ்வொரு பேருக்கும் பொருளை அட்டையில் எழுதி மேசைக்கு மேசை வைப்பதென்று முடிவெடுத்தார். கடையில் எழுத்து வடிவானது நிப்லாவுக்குத்தான். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

நிப்லா கிண்ணியாக்காரி. கப்பல் வேலைக்குப் போன கணவன் இஹ்ஸானைப் பற்றி எட்டு மாதமாகத் தகவல் இல்லை. சின்னச் சரக்குக் கப்பல், ஒன்பது பேர். ஓமானில் சலாலாத் துறைமுகத்தை விட்டுக் கிழக்கே போகும்போது தொடர்பு அறுந்துவிட்டது என்று கம்பனி சொன்னது. அவரை அனுப்பிய ஏஜென்ட் கலீலுர் றஹ்மான், பாவம், சலாலாவில் ஆஸ்பத்திரி, ஜெயில் ஒன்றும் விடாமல் ஆள் வைத்துத் தேடினார். மாமி வீட்டில் பாதிப்பேர் அவளை விதவையாக இத்தா இருக்க, வெளியே போகாமல் வீட்டோடு துக்கம் காக்கச் சொன்னார்கள். மீதிப்பேர் அவர் வருவார், துஆக் கேள் என்றார்கள். இருக்கிறாரா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று நிப்லா சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப் போனாள்.

அன்று காலை பத்துமணி, கடையில் ஆளில்லாத நேரம். எஸ்பிரெசோ என்றால் பிழிந்தெடுத்தது என்று அஞ்சலோ சொன்னார். கப்புச்சீனோ, கப்புச்சின் சபைச் சாமிமாரின் மண்ணிற அங்கியிலிருந்து வந்தது. மக்கியாட்டோ, கறை பட்டது. பாலில் கோப்பி பட்டாலும் கறைதான், கோப்பியில் பால் பட்டாலும் கறைதான். இத்தாலியில் போய் லாட்டே என்று மட்டும் கேட்டால் ஒரு கிளாஸ் பச்சைப் பாலைத் தந்துவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். நிப்லாவுக்குச் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் அவள் சிரித்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

அடுத்த அட்டையில் மோக்கா என்று எழுதிவிட்டு, சொக்லேட்டுக்கு இத்தாலியில் அப்படித்தான் சொல்வதோ என்று கேட்டாள்.

"இல்லத் தங்கச்சி. அது ஊர். யெமன்ல ஒரு துறைமுகம். அந்தக் காலத்தில கோப்பிக்கொட்டை அங்கயிருந்துதான் கப்பலேறினது. என்னோட வேலை செய்த யெமன்காரன் மொக்கா எண்டுதான் சொல்லுவான். சொக்லேட் எல்லாம் பிறகு வந்த கூத்து."

நிப்லாவின் பேனை அப்படியே நின்றது.

இஹ்ஸான் வாய்க்கு வாய் மொக்கை என்பவர். இந்தியப் படம் பார்த்துப் பிடித்த சொல். உப்பில்லாத மீன்கறி மொக்கை, மழைநாள் மொக்கை, மச்சானின் கலியாண வீடும் மொக்கை. கப்பலிலிருந்து செய்தி அனுப்பினால், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிவிடுவார். அவருடைய கடைசிச் செய்தியும் அப்படித்தான் வந்தது. எம், ஓ, இரண்டு கே, ஒரு ஏ. அதன் பிறகு, ரெண்டு நாள், சரிவராது போல.

மொக்கை, ரெண்டு நாள், சரிவராது போல. அப்படித்தான் அவள் வாசித்தாள். கடைசியாக என்ன சொன்னார் என்று கலீலுர் றஹ்மான் கேட்டபோதும், மொக்கையாக இருக்கிறதாம், வேறொன்றும் இல்லை என்றாள். அவரும் முறைப்பாட்டில் அப்படியே எழுதி, அவளிடம் கையெழுத்தும் வாங்கினார். வருடம் முழுக்க அவள் மோக்கா ஊற்றி விற்றவள். கடைப் பலகையில் அது ஆங்கிலத்தில் சீ, எச் போட்டு எழுதியிருந்ததால் ஒரு நாளும் பொறி தட்டவில்லை.

அட்டையைப் பாதியில் விட்டுவிட்டு ஓர்ஸ் ஹில்லில் இருந்த ஏஜென்ட் கந்தோருக்கு ஓட்டோ பிடித்தாள். கலீலுர் றஹ்மான் போனை வாங்கி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். தானும் இதை மொக்கை என்றுதான் வாசித்திருப்பேன் என்றார். அது ஆறுதலுக்குச் சொன்னது, அவளுக்கு ஆறவில்லை.

நாலாம் நாள் அவரே கடைக்கு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு நிப்லாவை இருக்கச் சொன்னபோதே அவளுக்கு விளங்கிவிட்டது. சண்டை நடக்கும் அந்தக் கடலுக்குக் கம்பனி களவாகக் கப்பலை விட்டிருக்கிறது. கப்பலின் கடதாசியில் மோக்காவே இல்லை. அங்கே இரண்டு நாள் நின்ற கப்பல், கடும் காய்ச்சலில் கிடந்த ஒருவரைக் கரையில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. அவருடைய பையும் போனும் கப்பலோடு போய்விட்டன; அந்தக் கப்பலைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் இலங்கையர், பெயர் ஈசான், இடது கையில் பழைய சுட்ட காயம் என்று இருக்கிறது; இஹ்ஸானுக்கும் அதே இடத்தில் அதே காயம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

"எத்தின நாள் இருந்தவர்?" என்று நிப்லா கேட்டாள்.

"பத்தொன்பது நாள்."

"ஆரும் போய்ப் பாக்கல்லயா?"

"நாங்க சலாலாவிலதானே தேடின, தங்கச்சி. இவரக் கேட்டு ஒருத்தரும் வரல்ல எண்டு எழுதியிருக்கிறாங்க."

அஞ்சலோ மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். அந்த அட்டையைக் கிழித்துப் போடுவோமா என்று மெல்லக் கேட்டார். வேண்டாம் என்று நிப்லா தலையாட்டினாள். பாதியில் கிடந்ததை எடுத்து, யெமன் நாட்டில் ஒரு துறைமுகம் என்று வடிவாக எழுதி முடித்தாள்.  

பிறகு போனைத் திறந்தாள். அவருடைய செய்திக்குக் கீழே அன்றைக்கு அவள் அனுப்பிய பதில் இருந்தது: இங்கயும் மொக்கதான். பக்கத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு பொம்மை முகம். அதற்கு நேரே நீலத்தில் இரண்டு சரி அடையாளம். அவர் வாசித்திருந்தார். வாசித்துவிட்டுச் சிரித்திருப்பார் என்றுதான் எட்டு மாதமாக அதைப் பார்த்துப் பார்த்து மனதைத் தேற்றி வந்தாள். தான் எங்கே நிற்கிறேன் என்பது இவளுக்கு விளங்கவில்லை என்று தெரிந்துகொண்டுதான், இஹ்ஸான் அந்தப் பத்தொன்பது நாளும் கிடந்திருக்கிறார்.