சின்னப் பலகையில் எங்கள் வீடு

ஏரிக்கரையிலிருந்து டொரொண்டோவுக்கு வண்டியில் எட்டு மணி நேரம். தம்பி எட்கரின் பழைய வண்டியில் ஹீட்டர் செத்துப்போயிருந்தது. வழி முழுக்க அவன் மூக்கை உறிஞ்ச, நான் அவனைத் திட்ட, பிப்ரவரிப் பனியில் வந்து சேர்ந்தோம். எல்லாம் ஒரு படத்தைப் பார்க்க.

அப்பா சாகும்வரை சொன்ன கதை அது. 1919 இலையுதிர் காலத்தில் அவருக்கு ஆறு வயது. நகரத்து ஓவியர் ஒருவர் எங்கள் குடாவுக்கு வந்து நான்கு நாள் தங்கினார். எங்கள் மீனைத் தின்றார், எங்கள் அடுப்போரம் தூங்கினார், எங்கள் வீட்டை வரைந்தார். "படத்துல நம்ம வீடு இருக்கு" என்று அப்பா ஆரம்பித்தாலே நாங்கள் சிரிப்போம். இப்போது சிரிப்பு வரவில்லை. ஓவியர் வந்துபோன சில வருடங்களில் எங்கள் ஆட்களை அங்கிருந்து கிளப்பிவிட்டார்கள். அந்த இடத்தைத் திருப்பிக் கேட்டு வழக்கு நடக்கிறது. கிளப்புவதற்கு முன்னால் அங்கே வீடு இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வா என்கிறார்கள். தேவாலயப் பதிவேடு தீயில் போயிற்று. எங்களைப் போன்ற அனிஷினாபே பழங்குடி ஆட்களின் வாய்ச்சொல்லுக்கு வழக்கை விசாரிக்கும் அலுவலகத்தில் என்ன மரியாதை என்று எனக்குத் தெரியும். ஜூனில் கடைசி விசாரணை.

ஓவியக் காட்சிக்கூடத்தில் அந்தப் படம் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டிருந்தது. சிவந்த மேப்பிள் மரங்கள், காற்றில் வளைந்த பைன், சாம்பல் நிறத் தண்ணீர். படகில் போகும்போதெல்லாம் அப்பா கைகாட்டும் அதே பாறை. பாறைக்குப் பின்னால் வீடு இருக்க வேண்டிய இடத்தில் பழுத்த புல்தான் இருந்தது. பக்கத்து அட்டையில், மனிதக் காலடி படாத வனம் என்று எழுதியிருந்தார்கள்.

எட்கர் அதை இரண்டு தடவை படித்தான். "அக்கா, நாலு நாள் உக்காந்து மீன் தின்னானே, அவன் காலடி கூடவா படல?"

"வீடு எங்கடா?" என்று நான் போட்ட சத்தத்தில் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். காட்சிக்கூடப் பொறுப்பாளர் லாரெய்ன் என்ற பெண் ஓடிவந்தாள். நல்லவள்தான். பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தக் கால ஓவியருங்க வெளியில போறப்ப சின்னப் பலகையிலதாங்க வரைவாங்க. குளிர்காலத்துல நகரத்துல உக்காந்து அதையே பெருசா வரைவாங்க. இதோட பலகை இங்கதான் இருக்கு, வாங்க."

அடுத்த சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஒரு புத்தக அளவுதான் இருந்தது. அதே பாறை. அதன் பின்னால் மரக்கட்டை வீடு, புகைபோக்கியில் புகை. ஓரத்தில் ஐந்தே தீற்றலில் மீன் உலர்த்தும் பரண். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருடம் சிரித்ததற்கு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க அவர் இல்லை.

"இதை எங்கயோ பாத்த மாதிரியே இருக்குக்கா" என்றான் எட்கர்.

"நம்ம குடாடா, மடையா. பாக்காம இருப்பியா?"

நான் லாரெய்னிடம் கேட்டேன். "பெரிய படத்துல இந்த வீடு எங்கம்மா போச்சு?"

அவள் முகம் சிவந்தது. "ஓவியரே எடுத்துட்டாருங்க. ஆள் அரவமே இல்லாத தனிமை பாக்குறவங்களுக்கு வரணும்னு..."

"எங்களுக்கு வந்துருச்சு" என்றேன்.

எட்கர் கேமராவை எடுத்ததும் காவலர் தடுத்தார். பலகை யாரோ ஒருவரிடமிருந்து இரவல் வாங்கியதாம். சொந்தக்காரர் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று நிபந்தனை. அவர் சம்மதம் இல்லாமல் போட்டோ எடுக்க முடியாது. எழுதிக் கேட்கிறேன் என்று லாரெய்ன் என் கையைப் பிடித்துச் சொன்னாள். கீழே கடையில் பெரிய படத்தின் அஞ்சலட்டை மட்டும்தான் விற்றார்கள். ஏனோ ஒன்று வாங்கினேன்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. சொந்தக்காரருக்குச் சம்மதம் இல்லை. ஓவியனின் கற்பனையை வழக்கில் இழுப்பதை அவர் விரும்பவில்லையாம். பலகையையும் திருப்பி வாங்கிக்கொண்டுவிட்டார். பெயர் தெரியாத ஆளை நான் எங்கே போய்த் தேடுவது என்று எங்கள் வக்கீல் கையை விரித்தார்.

மே மாதம் நகரத்துக்காரர்களின் கோடை வீடுகளைத் திறந்து வைப்பது எட்கரின் பிழைப்பு. படகுத்துறையைத் தண்ணீரில் இறக்குவான், விறகு அடுக்குவான். எங்கள் குடாவில், அதே பாறைக்குப் பின்னால், பெக்வித் என்பவர் கட்டிய வீடும் அதில் ஒன்று. ஒரு நாள் அங்கிருந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அக்கா, அந்தப் பலகை பெக்வித் வீட்டுல இருக்கு."

"என்னடா உளர்ற?"

"கணப்புக்கு மேல மாட்டியிருக்கு. பதினோரு வருஷமா அதுக்குக் கீழதான்கா நான் விறகு அடுக்குறேன். குனிஞ்சே அடுக்கியிருக்கேன். இன்னிக்குத்தான் நிமிந்து பாத்தேன்."

"அந்த ஆளு இருந்தானா?"

"பக்கத்துலதான் நின்னாரு."

"நீ ஏதாவது கேட்டியாடா?"

எட்கர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவருதான் கேட்டாரு. விறகு நல்லா காஞ்சிருக்கான்னு."

"நீ என்ன சொன்ன?"

"காஞ்சிருக்குங்கன்னு சொன்னேன்."