டெல்லாவுக்கு இரண்டு பக்கம்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சஸ்காச்சுவான் மாகாணத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்கு ஐம்பது வயது. பொன்விழா மலர் போடுகிறார்கள். பழைய கோச் லைல் போனில் கூப்பிட்டார்.

"டானிஸ், உனக்குத்தான் எழுத வருமே. மன உறுதியப் பத்தி ரெண்டு பக்கம் குடும்மா. வேற யாரு, நம்ம டெல்லாதான். அந்த அரையிறுதி ஒண்ணு போதாதா!"

"சரி கோச்" என்றேன். முப்பத்தைந்து வயதாகியும் அந்த மனிதரிடம் எனக்கு வேறு வார்த்தை வருவதில்லை.

ஆரம்பம்: கோல் வலைக்கு முன்னால் டெல்லா ஃப்ரீசன் நின்றால் சுவர் நின்ற மாதிரி, அவளைத் தாண்டி எதுவும்—

அந்த வரியை அடித்துவிட்டேன். சுவர் வாந்தி எடுக்காது. டெல்லா ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் எடுப்பாள். அப்போது அவளுக்குப் பதினேழு. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "ஆச்சு, வாங்கடி போலாம்" என்பாள். அந்தக் கொப்பளிப்பை வைத்தே இரண்டு பக்கம் எழுதலாம். லைல் கேட்டது அது இல்லை.

2

செப்டம்பரில், பருவம் தொடங்குமுன், எங்களுக்குக் கணினியில் ஒரு தேர்வு உண்டு. சொற்கள் வந்து மறையும்; எவை வந்தன என்று நினைவிலிருந்து சொல்ல வேண்டும். பின்னால் யாருக்காவது தலையில் அடிபட்டால் அதே தேர்வு மறுபடி. முதலில் வாங்கிய மதிப்பெண்ணைவிடக் குறைந்தால் ஆட்டம் கிடையாது, வீட்டுக்குப் போ. அதனால் முதல் தேர்வையே வேண்டுமென்று சொதப்புவோம். அடிபட்ட மண்டைக்கும் அந்த மதிப்பெண் எட்டிவிடும் அல்லவா? எங்களைவிடக் கெட்டிக்காரர்கள் கிடையாது என்று நினைப்பு.

(சொல்லிக்கொடுத்தது யார்? 'பெரிய பெண்கள்' என்று முதலில் எழுதினேன். பொய். அந்த வருடம் அணித் தலைவி நான்தான்.)

"தெரிஞ்சாலும் தெரியலன்னு அழுத்துடி" என்றேன் டெல்லாவிடம்.

"அவ்ளோ மக்கு மாதிரி நடிக்கணுமா?"

"உனக்கு நடிப்பு எதுக்கு?"

கையுறையால் என் முதுகில் ஒன்று வைத்தாள். சொன்னபடியே செய்தாள்.

அரையிறுதிக்கு முந்தின நாள் பயிற்சியில், கோல் கம்பத்தில் தலை மோதி விழுந்தாள். மறுநாள் காலை அதே தேர்வு. தேறிவிட்டாள்.

4

(மூன்று இருக்கிறது. பிறகு.)

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். கடைசி நிமிடங்களில் ரப்பர் வட்டு நேராக வந்து அவள் முகமூடியில் அறைந்தது. விழுந்தாள், எழுந்தாள், அடுத்து வந்த மூன்றையும் தடுத்தாள். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெண்ணிடமும் லைல் இன்றும் சொல்வது இந்த இடத்தைத்தான். இங்கேயே நிறுத்தினால் மலருக்குக் கனகச்சிதம்.

நிறுத்த முடியவில்லை. டெல்லாவுக்குப் பதினேழு வருடமாகத் தலைவலி. பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடமும் போயிற்று. வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. படிப்பில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவள், இப்போது இரண்டு பக்கம் தாண்டினால் எழுத்து நீந்துகிறது என்கிறாள்.

"நீ வழி சொன்ன, செஞ்சது நான்தானடி. உடம்பு சரியில்லங்கறத மறைச்சதும் நான்தான். வேற யாருக்கும் தெரியாது" என்பாள். பதினேழு வருடமாக இதே பேச்சு.

5

சில முடிவுகள்.

அவள் என்னை மன்னிக்கிறாள். எழுதினேன், கிழித்தேன், அழுதது முழுக்க நான்தான்.

கன்னத்தில் அறைகிறாள். அதோடு நான் விடுபட்டுவிடுவேன், அதனால் அதுவும் வேண்டாம்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்கிறாள். அவளுக்குத் தெரியாது.

மூன்றாவது பகுதியை மூன்றாம் பக்கத்தில் வைத்துவிட்டால் அவள் கண் அதுவரை வராது என்றுகூட ஒரு யோசனை ஓடியது. சீ, என்ன பிறவி நான்.

6

(இது பென்சிலில், அவள் சமையலறை மேசையில் எழுதியது.)

அச்சுக்குப் போகுமுன் அவளிடம் காட்டத்தானே வேண்டும்? திரையை இழுத்துவிட்டிருந்தாள். "நீயே வாசிடி, நான் கண்ண மூடிக்கிறேன்" என்றாள். ஒன்றை வாசித்தேன். இரண்டை வாசித்தேன். நான்கு என்றதும் கையைத் தூக்கினாள்.

"ரெண்டுக்கப்புறம் நாலா? மண்டையில அடிபட்டா எண்ணக்கூடத் தெரியாதா எனக்கு?"

"அது... இன்னும் சரியா வரல."

"சரியா வராட்டி என்ன? டீ போட்டுட்டு வரேன். வந்ததும் வாசி."

கெட்டில் கொதிக்கும்வரை எனக்கு நேரம் இருக்கிறது.

3

ஆட்டத்தன்று மதியம், உடை மாற்றும் அறையில், "இன்னிக்கு யாரோட ஆடறோம்?" என்று டெல்லா என்னிடம் கேட்டாள். சொன்னேன். சற்று நேரத்தில் மறுபடி கேட்டாள். கட்டி முடித்த ஷூவை அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து கட்டினாள். வெளியே வந்தேன், லைல் என்னை நிறுத்தினார்.

"தேர்வுல தேறிட்டா. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பலம்மா. நீ கூடவே இருக்கறவ, நீ சொல்லு. சரியில்லன்னா மாத்திடறேன். ஒரு வார்த்த போதும்."

மாற்று கோல்கீப்பர் அந்தப் பருவம் முழுக்கச் சொதப்பியவள். எனக்கு இறுதியாட்டம் வேண்டும்.

"அவ கல்லு மாதிரி இருக்கா, கோச்" என்றேன்.

நீங்கள் படித்துவிட்டீர்கள். அவள் இன்னும் கேட்கவில்லை. இரண்டு கோப்பைகளோடு வந்து எதிரே உட்கார்கிறாள், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறாள், கண்ணை மூடிக்கொள்கிறாள்.

"ம். மூணு."